இல்லாத கட்டளை எந்தப் பொதியில் இருக்கிறது?

(மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்’. நாற்பது நிமிடத்தில் அதை முழுவதும் சொல்லப் புறப்பட்டால், சாப்பாட்டு நேரத்தில் உங்களுக்கும் எனக்கும் எதுவும் நினைவில் இருக்காது. ஆகவே ஒரே ஒரு சின்னச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திரையில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் அடுத்து என்ன செய்வது? அவ்வளவுதான்.

நான் கணினி படித்தவன் அல்ல. கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணினி அறையின் சாவி என்னிடம் இருந்ததால் கணினிக்கும் பொறுப்பாசிரியர் ஆனேன். உங்களில் பலரும் அந்த வழியாகத்தான் வந்திருப்பீர்கள். எங்கள் பள்ளியில் ஆறு பழைய கணினிகள் இருந்தன. பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அவற்றில் டெபியன் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். டெபியன் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் என்றொரு இயங்குதளம் வந்ததே, சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, அது டெபியனின் மேல் கட்டப்பட்டதுதான். உபுண்டுவும் அதே குடும்பம். இப்போது நான் சொல்லப்போவது இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வலையமைப்பு பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செய்முறை காட்டலாம் என்று ஒருநாள் அழைத்துப் போனேன். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு, அதைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் வேலை. என் கையில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியில் தந்த தாள் இருந்தது. அதில் ‘இஃப்கான்ஃபிக்’ என்று தட்டச்சு செய்யச் சொல்லியிருந்தது. செய்தோம். ஆறு திரையிலும் ஒரே பதில்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்.

“சார், கம்ப்யூட்டர் ரிப்பேரா?” என்றான் ஒருவன்.

“இந்தக் கம்ப்யூட்டர்ல அது இல்லப்பா” என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, “அப்ப அது எதுல சார் இருக்கு?” என்றாள். மணி அடித்தது. எனக்கு நல்லதாகப் போயிற்று.

அன்று மாலை நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இந்த உரைக்கே பொருள் இல்லை. இணையத்தில் தேடினேன். எங்கோ நான்கு வரிகள் கிடைத்தன. அவை என்ன செய்கின்றன என்று தெரியாமலேயே நகலெடுத்து ஒட்டினேன். முதல் வரி, எங்கள் கணினியில் இருந்த பதிப்புக்குத் தொடர்பே இல்லாத வேறொரு பதிப்பின் களஞ்சியத்தைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வரி எல்லாவற்றையும் புதுப்பிக்கத் தொடங்கியது. பாதியில் பிழை மேல் பிழை வந்து நின்றது. அணைத்துப் போட்டேன், கறுப்புத் திரை. அந்தக் கணினியில்தான் நான்கு ஆசிரியர்களின் அரையாண்டு மதிப்பெண் பட்டியல் இருந்தது.

பென் டிரைவில் இருந்து இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கி, வட்டில் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது இரவு ஒன்பது மணி. பட்டியல் பிழைத்தது. என் மானம் அவ்வளவாகப் பிழைக்கவில்லை. மறுநாள் தலைமையாசிரியர் அம்மா கோபப்படவில்லை. “சார், அந்த ரூமைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டியே வச்சிடலாமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எனக்கு வேண்டியிருந்த கருவி எங்கள் கணினிக்கு உரிய களஞ்சியத்திலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு எம்.பி.கூட வராத பதிவிறக்கம். அதன் பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெயர் ‘நெட்-டூல்ஸ்’.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. வடிவியல் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் கடைக்குப் போய்ப் பாகைமானி கேட்கிறான். ‘பாகைமானி’ என்று பெயர் எழுதிய பெட்டி அங்கே இல்லை. கடைக்காரர் வடிவியல் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார். அதற்குள் கவராயம், அளவுகோல், மூலைமட்டம் எல்லாவற்றோடும் பாகைமானியும் இருக்கிறது. லினக்ஸிலும் கருவிகள் தனித்தனியாக வருவதில்லை. பேக்கேஜ் என்ற பொதியாகக் கட்டி வருகின்றன. பொதியின் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் கருவியின் பெயர் வேறொன்று. இஃப்கான்ஃபிக், நெட்ஸ்டாட் இரண்டும் நெட்-டூல்ஸ் பொதியில் இருக்கின்றன. ஓடும் நிரல்களைப் பெயர் சொல்லி நிறுத்தும் ‘கில்ஆல்’ என்ற கட்டளை ‘பிஎஸ்மிஸ்க்’ என்ற பொதியில் இருக்கிறது. அந்தப் பெயரை யாரால் ஊகிக்க முடியும்?

சரி, முன்பு இருந்த இஃப்கான்ஃபிக் ஏன் காணாமல் போனது? யாரும் திருடவில்லை. அது பழைய கருவி. அதன் வேலையை ‘ஐபி’ என்ற புதிய கட்டளை எடுத்துக்கொண்டது. அது ‘ஐபிரூட்2’ என்ற பொதியில் வருகிறது. 2017-இல் வந்த டெபியன் 9-இலிருந்து நெட்-டூல்ஸைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டார்கள். என் கையில் இருந்த தாளுக்கு இது தெரியாது. ‘ஐபி’, இடைவெளி, ‘ஏ’ என்று தட்டியிருந்தால் அன்றே ஆறு முகவரிகளும் கிடைத்திருக்கும். இல்லாத கருவியைத் தேடுவதற்கு முன், அதே வேலையைச் செய்யும் கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அது தெரியாதபோது தேடத்தான் வேண்டும்.

(இதழில் வாசிப்பவர்களுக்கு: கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் சிறிய எழுத்தாகவே இட வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸில் ஒன்றல்ல.)

தேடும் முன் கணினி ஏன் ‘இல்லை’ என்கிறது என்று பார்ப்போம். நீங்கள் ஒரு சொல்லைத் தட்டி எண்டரை அழுத்தியதும், ஷெல் என்ற நிரல் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று சில கோப்புறைகளில் மட்டும் பார்க்கிறது. வட்டு முழுவதும் தேடுவதில்லை. எந்தெந்தக் கோப்புறைகள், எந்த வரிசையில் என்பது ‘பாத்’ என்ற மாறியில் எழுதியிருக்கிறது. ‘எக்கோ’, இடைவெளி, டாலர் குறி, அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் ‘பாத்’. இதைத் தட்டினால் அந்தப் பட்டியல் தெரியும். அந்தப் பட்டியலில் எங்கும் கிடைக்காவிட்டால் ‘நாட் ஃபவுண்ட்’. ஆகவே அந்தச் செய்திக்கு ‘கணினியில் இல்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது. ‘நான் பார்த்த இடங்களில் இல்லை’ என்றுதான் பொருள். நான் அந்த மாணவியிடம் சொன்ன பதில் அந்த வகையில் அரைகுறையானது.

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. கருவி கணினியில் இருக்கும். ஆனாலும் இல்லை என்று வரும். டெபியனில் நிர்வாகக் கட்டளைகள் ‘எஸ்பின்’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. சாதாரணப் பயனரின் பட்டியலில் அந்தக் கோப்புறை இல்லை. ‘எஸ்யூ’ என்று தட்டி நிர்வாகியாக மாறினாலும், 2019-இல் வந்த டெபியன் 10 முதல் பழைய பட்டியலே தொடரும். அதனால் ‘ஆட்யூசர்’ கூட இல்லை என்று சொல்லும். எஸ்யூ-வுக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு போட்டால் நிர்வாகியின் பட்டியல் வந்துவிடும். ஒரு கோட்டுக்காக நான் ஒரு மதியம் முழுவதும் செலவழித்தேன்.

இன்னும் சிலவற்றுக்குக் கோப்பே கிடையாது. கோப்புறை மாறப் பயன்படும் ‘சிடி’ ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. உபுண்டுவில் பலரும் பயன்படுத்தும் ‘எல்எல்’ ஒரு சுருக்கப் பெயர்தான். ‘எல்எஸ்’ கட்டளைக்குப் பயனரின் அமைப்புக் கோப்பில் வைத்த பட்டப்பெயர். டெபியனில் அந்த வரி செயல்படாமல் வைக்கப்பட்டிருப்பதால் எல்எல் என்றால் இல்லை என்கிறது. இதற்குப் பொதியைத் தேடினால் விடியும்வரை தேடலாம். சரியாக இயங்கும் வேறொரு கணினி பக்கத்தில் இருந்தால் அதில் ‘டைப்’ என்று தட்டி, கட்டளையின் பெயரைச் சேர்த்துப் பாருங்கள். கோப்பா, உள்ளமைந்ததா, சுருக்கப் பெயரா என்று சொல்லிவிடும்.

எழுத்துப் பிழையையும் மறக்க வேண்டாம். எல்எஸ் என்பதற்குப் பதிலாக எழுத்தை மாற்றி எஸ்எல் என்று ஒரு பையன் என் மடிக்கணினியில் தட்டினான். அது உபுண்டு. ‘அந்தக் கட்டளை இல்லை, ஆனால் எஸ்எல் என்ற பொதியை நிறுவினால் கிடைக்கும்’ என்று திரை சொன்னது. பிள்ளைகள் விடுவார்களா? நிறுவினோம். மறுபடி தட்டினால், எழுத்துகளால் ஆன ஒரு நீராவி ரயில் எஞ்சின் திரையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரை புகைவிட்டுக்கொண்டே போகிறது! தவறாகத் தட்டுபவர்களைக் கேலி செய்ய யாரோ எழுதிய நிரல். அந்த வகுப்பில் யாரும் அதற்குப் பிறகு எல்எஸ்ஸைத் தவறாக எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதினார்கள்.

உபுண்டு மட்டும் எப்படிப் பொதியின் பெயரைச் சொல்லியது? அதில் ‘கமாண்ட்-நாட்-ஃபவுண்ட்’ என்ற பெயரிலேயே ஒரு பொதி முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கிறது. ஷெல் கைவிரித்ததும் அது தன் அட்டவணையைப் பார்த்துப் பொதியின் பெயரைச் சொல்கிறது. டெபியனிலும் அது உண்டு. நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். வசதிதான். ஆனால் அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. ஸ்னாப் என்ற வகைப் பொதிகளையும் அது பரிந்துரைக்கும். அவற்றை வெளியில் இருந்து யாரும் பதிவேற்றலாம். புகழ்பெற்ற கருவியின் பெயரில் தீய நிரலை வைக்க இது இடம் தரும் என்று 2024-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். நிறுவும் முன் பொதியின் விளக்கத்தை ஒருமுறை படியுங்கள். ‘ஆப்ட்’, ‘ஷோ’, பொதியின் பெயர். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த கருவிக்கு வருகிறேன். அதன் பெயர் ‘ஆப்ட்-ஃபைல்’. களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதிக்குள்ளும் எந்தெந்தக் கோப்புகள் இருக்கின்றன என்று டெபியன் பட்டியல் வெளியிடுகிறது. பொதியை நிறுவாமலே அந்தப் பட்டியலில் தேடித் தருவது ஆப்ட்-ஃபைல். நம் இருப்புப் பதிவேட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் பார்த்தால் எந்த அலமாரியில் எந்தப் பொருள் என்று தெரிந்துவிடும். (நம் பதிவேடுகள் எல்லாம் அப்படி இருக்கின்றனவா என்று தணிக்கைக்கு வருபவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

முதலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்ட்-ஃபைல்’. பிறகு ‘சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்’. இந்த இரண்டாவது படியில்தான் பட்டியல் இறங்குகிறது. அதற்கு இணையம் வேண்டும். கொஞ்சம் நேரமும் ஆகும். ஒருமுறை இறங்கிவிட்டால் தேடுவதற்கு இணையம் தேவையில்லை. நம் பள்ளிகளுக்கு இது பெரிய வசதி. பிறகு ‘ஆப்ட்-ஃபைல் சர்ச்’ என்று தட்டி, ‘பின்’, சாய்கோடு, ‘இஃப்கான்ஃபிக்’. நெட்-டூல்ஸ் என்று பதில் வரும்.

ஏன் ‘பின்’, சாய்கோடு என்றெல்லாம் சேர்க்க வேண்டும்? வெறும் பெயரைக் கொடுத்தால், அந்த எழுத்துகள் எங்கெல்லாம் வருகின்றனவோ அத்தனை கோப்புகளும் கொட்டும். இணையப் பெயரிலிருந்து முகவரி கண்டுபிடிக்கும் ‘டிக்’ என்ற மூன்றெழுத்துக் கட்டளையைத் தேடிப் பாருங்கள். டிஜிட்டல் என்ற சொல் வரும் கோப்பெல்லாம் வரும். அந்தச் சமயத்தில் ‘சர்ச்’சுக்குப் பின் சிறுகோடு எக்ஸ் போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் ‘பின்’, சாய்கோடு, ‘டிக்’, இறுதியில் டாலர் குறி. ‘இந்தப் பெயரோடு முடிகிற கோப்பு மட்டும்’ என்று அதற்குப் பொருள். ‘பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ்’ என்ற பொதி பளிச்சென்று கிடைக்கும்.

அதே டிக், ஃபெடோராவில் ‘பைண்ட்-யூட்டில்ஸ்’ பொதியில் இருக்கிறது, ஆல்பைனில் ‘பைண்ட்-டூல்ஸ்’. ஒரே பாகைமானி, கடைக்குக் கடை பெட்டியின் பெயர் வேறு. அதனால்தான் எங்கோ படித்த நிறுவும் வரி நம் கணினியில் ‘அப்படி ஒரு பொதியே இல்லை’ என்று திரும்பி வருகிறது. ஃபெடோரா வைத்திருப்பவர்கள் ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’ என்று தேடலாம். ஆர்ச் வைத்திருப்பவர்களுக்கு ‘பேக்மேன்’, சிறுகோடு, பெரிய எழுத்து எஃப்.

கருவி கணினியில் ஏற்கெனவே இருந்து, எந்தப் பொதியோடு வந்தது என்று மட்டும் அறிய வேண்டுமானால் ‘டிபிகேஜி’, சிறுகோடு, பெரிய எழுத்து எஸ், அதன் பின் கோப்பின் முழுப் பாதை. புதிய கணினியிலும் அதே கருவிகளை வைக்க நினைக்கும்போது இது உதவும்.

ஒரே பெயரில் இரண்டு பொதிகள் வந்தால்? வரும். ‘நோட்’ என்ற கட்டளை இன்று நோட்.ஜேஎஸ் என்ற நிரல் சூழலுக்கு உரியது. ஆனால் டெபியனில் அதற்கு முன்பே அமெச்சூர் ரேடியோக்காரர்களின் கருவி ஒன்று அந்தப் பெயரை வைத்திருந்தது. வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை போய் 2012-இல்தான் தீர்ந்தது. அந்தக் காலத்தில் நோட் என்று தேடி முதலில் வந்ததை நிறுவியவர் கையில் ரேடியோக் கருவி கிடைத்திருக்கும். விளக்கத்தைப் படியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெட்வொர்க்கும் ரேடியோவும் எங்களுக்கு எதற்கு என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நினைக்கலாம். உங்கள் மேசைக்கே வருகிறேன். நான்கு பிடிஎஃப் பயிற்சித் தாள்களை ஒன்றாக்க வேண்டுமா? ‘பிடிஎஃப்யுனைட்’ இருக்கிறது, ‘பாப்ளர்-யூட்டில்ஸ்’ பொதியில். எமிஸில் ஏற்ற மாணவர்களின் புகைப்படங்களைச் சிறிதாக்க வேண்டுமா? ‘இமேஜ்மேஜிக்’ பொதியில் உள்ள ‘கன்வர்ட்’ செய்யும். அச்சிட்ட பழைய தமிழ்ப் பாடத்தை ஸ்கேன் செய்து, திருத்தக்கூடிய எழுத்தாக்க வேண்டுமா? ‘டெசராக்ட்’ கட்டளை ‘டெசராக்ட்-ஓசிஆர்’ பொதியில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நிறுவிவிட்டுத் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால், ‘டாம்.ட்ரெய்ண்ட்டேட்டா’ என்ற கோப்பு இல்லை என்று முறையிடும். இப்போது உங்களுக்கே தெரியும். கட்டளை இல்லாவிட்டால் என்ன, கோப்புதானே? ஆப்ட்-ஃபைலிடம் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’ என்று பதில் வரும். தமிழ் தனிப் பொதியாக இருக்கிறது. தேடாதவர்கள் ‘லினக்ஸில் தமிழ் வராது’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அறை பூட்டப்படவில்லை. மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து பழுதான கணினியை மறுபடி நிறுவினேன். மதிப்பெண் பட்டியல்கள் அந்த ஆறு கணினிகளில் இனி இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் அம்மா ஒரு நிபந்தனை விதித்தார். சரியான நிபந்தனைதான். பிறகு அதே வகுப்பை அழைத்துப்போய், அன்று சொன்ன பதில் தவறு என்று சொல்லிவிட்டு, ஆப்ட்-ஃபைலைக் காட்டினேன். அந்த மாணவி குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தின் நடுவே கோடு போட்டாள். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் பொதி. தலைப்பு: ‘எது எதில்’. இன்று அது கணினி அறையின் பொதுக் குறிப்பேடு. ஒவ்வொரு ‘நாட் ஃபவுண்ட்’டும் அதில் ஏறுகிறது.

சென்ற வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இடப்பக்கம் ‘சிடி’ என்று எழுதி, வலப்பக்கம் காலியாக விட்டிருந்தான். “விச் போட்டுப் பாத்தேன் சார், ஒண்ணுமே வரல. ஆனா வேலை செய்யுது” என்றான். நான் பதில் சொல்லவில்லை. “டைப் போட்டுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினான்: ‘எந்தப் பெட்டியிலும் இல்லை, கடைக்காரர் பையிலேயே இருக்கு’.

அந்தக் குறிப்பேட்டின் முதல் நான்கு பக்கங்களை நகலெடுத்து உங்கள் கோப்பில் வைத்திருக்கிறேன். இனி மடிக்கணினியைத் திறக்கலாம். அருட்கூர்ந்து யாரும் எதையும் நகலெடுத்து ஒட்ட வேண்டாம், தட்டச்சு செய்வோம். முதலில் எல்லாரும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று தட்டுங்கள். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராதவர்கள் கையைத் தூக்குங்கள், அவர்களிடமிருந்து தொடங்குகிறேன். வைஃபை கடவுச்சொல் பலகையில் எழுதியிருக்கிறது.